மொண்டிசோரி அம்மையாரும் தெமோதரைப் பிள்ளைகளின் அளவுகோலும்

நம் நாட்டில் மொண்டிசோரி என்றால் ஒரு கட்டடம். மூன்று, நான்கு வயதுப் பிள்ளையைக் காலையில் கொண்டுபோய் விட்டு, மதியம் கூட்டிவரும் இடம். பதுளை நகரின் பெயர்ப்பலகைகளிலும் கிளிநொச்சி வீதியோரத்திலும் அந்தச் சொல்லைப் பார்க்கிறோம். அது ஒரு பெண்ணின் பெயர் என்பது பலருக்குத் தெரியாது. அந்தப் பெண் இரண்டு உலகப் போர்களையும் ஓர் உள்நாட்டுப் போரையும் கண்டவர். வயதான காலத்தில் நாடு விட்டு நாடு ஓடியவர். எழுபதாவது வயதில் தமிழ்நாட்டில் எதிரி நாட்டவர் என்று முத்திரை குத்தப்பட்டவர். அவர் பாலர் வகுப்போடு நின்றுவிடாமல், பன்னிரண்டு வயது வரையான பிள்ளைகளுக்கு அளவீட்டையும் கேத்திரகணிதத்தையும் கையால் கற்பிக்கும் வழியைத் தேடியவர் என்பது இன்னும் குறைவானவர்களுக்கே தெரியும்.

நான் தெமோதரைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் தரம் 4, 5 பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பிக்கிறேன். பரப்பளவு என்றால் நீளம் பெருக்கல் அகலம் என்று என் வகுப்பே ஒரே குரலில் சொல்லும். புலமைப்பரிசில் பரீட்சைத் தாளில் செவ்வகத்தைக் கண்டால் விடையும் வரும். நீ இருக்கும் லயக் காம்பரா எத்தனை சதுர அடி என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். இரண்டும் ஒன்றுதான் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. இதற்கு என்ன செய்யலாம் என்று தேடியபோதுதான் மரியா மொண்டிசோரியின் வாழ்க்கையை ஒழுங்காக வாசித்தேன். கருவி தேடிப் போன எனக்கு, அந்தக் கருவிகள் பிறந்த சூழல் நம்முடைய சூழலுக்கு எவ்வளவு கிட்டியது என்பதுதான் பெரிதாகப் பட்டது.

பொறியியலாளராக விரும்பிய சிறுமி

மரியா மொண்டிசோரி 1870 ஆகஸ்ட் 31ஆம் திகதி இத்தாலியின் கிழக்குக் கரையோரம் உள்ள கியாரவாலே என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை அரசாங்க உத்தியோகத்தர். தாய் வாசிப்பில் நாட்டமுள்ளவர். மகள் படிக்க வேண்டும் என்பதில் தாய் உறுதியாக இருந்தார். குடும்பம் பின்னர் ரோமுக்கு இடம்மாறியது.

அந்தக் காலத்து இத்தாலியில் நடுத்தர வீட்டுப் பெண்ணுக்கு ஆசிரியத் தொழில்தான் உச்சம். மரியா அதை வேண்டாம் என்றார். கணிதம் பிடித்த பிள்ளை. பதின்மூன்றாவது வயதில் ஆண் பிள்ளைகள் படிக்கும் தொழில்நுட்பப் பாடசாலையில் சேர்ந்தார். பொறியியலாளராக வருவதுதான் நோக்கம். பிறகு மனம் மருத்துவத்தின் பக்கம் திரும்பியது. ரோம் பல்கலைக்கழகத்தில் படித்து 1896இல் வைத்தியரானார். இத்தாலியில் வைத்தியப் பட்டம் பெற்ற முதல் சில பெண்களில் அவரும் ஒருவர்.

வைத்தியராக அவர் போன இடம் மனநோய் வைத்தியசாலை. அங்கே அறிவு வளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகள், பெரியவர்களோடு சேர்த்து அடைத்து வைக்கப்பட்டிருந்தார்கள். கையில் பிடிக்க, தொட்டுப் பார்க்க எதுவும் இல்லாத வெற்று அறைகள். இந்தப் பிள்ளைகளுக்கு மருந்தைவிடக் கல்விதான் தேவை என்ற முடிவுக்கு மரியா வந்தார். பிரான்ஸில் இதே வகைப் பிள்ளைகளோடு வேலை செய்த இட்டார், செகுவென் என்ற இரண்டு வைத்தியர்களின் நூல்களைத் தேடிப் படித்தார். வட்டம், சதுரம், முக்கோணி என்று பலகையில் குழி வெட்டி, அதற்குப் பொருந்தும் துண்டைப் பிள்ளை தானே தேடி வைக்கும் பயிற்சிகள் அங்கிருந்துதான் அவருக்குக் கிடைத்தன.

இந்தக் காலத்தில் அவருடைய சொந்த வாழ்க்கையிலும் ஒரு முடிச்சு விழுந்தது. 1898இல் அவருக்கு மரியோ என்ற மகன் பிறந்தான். திருமணம் நடக்கவில்லை. ஊர் வாய்க்கும் தொழிலுக்கும் பயந்து, பிள்ளை நாட்டுப்புறத்தில் வேறொரு குடும்பத்திடம் வளர்ந்தான். பல ஆண்டுகள் கழித்தே தாயிடம் வந்து சேர்ந்தான். பிறகும் நீண்ட காலம் உலகத்துக்கு அவன் உறவுக்காரப் பையன்தான். மகன் என்று வெளியே சொல்ல முடியவில்லை.

சுவரைக் காக்கத் திறந்த அறை

1907 ஜனவரி 6ஆம் திகதி ரோமின் சான் லொரென்சோ பகுதியில், அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் அறையில் முதல் பிள்ளைகள் இல்லம் திறக்கப்பட்டது. இன்று உலகம் முழுக்க உள்ள மொண்டிசோரிகளின் தொடக்கம் அதுதான். அது எதற்காகத் திறக்கப்பட்டது என்பதைத் தோட்டத்து வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

சான் லொரென்சோ கூலிக் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த வறிய பகுதி. பாழடைந்த கட்டடங்களை ஒரு காணி நிறுவனம் வாங்கித் திருத்தி, குடும்பங்களை வாடகைக்கு வைத்தது. தாயும் தகப்பனும் வேலைக்குப் போனபின் சின்னப் பிள்ளைகள் மாடிப்படிகளில் ஓடி, புதிதாகப் பூசிய சுவர்களில் கிறுக்கினார்கள். சுவரைக் காப்பாற்ற வேண்டும் என்பதற்காகப் பிள்ளைகளை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள நிறுவனம் முடிவு செய்தது. அதைப் பொறுப்பெடுக்க வைத்தியர் மொண்டிசோரியைக் கேட்டது.

நம்முடைய தோட்டங்களின் பிள்ளைக் காம்பராவும் இதே கணக்குத்தான். தாய் கொழுந்துக்குப் போக வேண்டும், மலைக்குப் பிந்தக் கூடாது, அதற்காகப் பிள்ளையை ஓரிடத்தில் வைத்திருக்க வேண்டும். பிள்ளையின் படிப்புக்காக என்று யாரும் தொடங்கவில்லை. சான் லொரென்சோவில் மரியா செய்தது என்னவென்றால், பிறருடைய வசதிக்காகத் திறந்த அறையைப் பிள்ளையின் அறையாக மாற்றியதுதான். உயரத்துக்கு ஏற்ற மேசை கதிரை செய்வித்தார். வைத்தியசாலைப் பிள்ளைகளுக்குப் பயன்படுத்திய கருவிகளைக் கொண்டுவந்து வைத்தார். ஓரமாக நின்று என்ன நடக்கிறது என்று வைத்தியரின் கண்ணோடு பார்த்து எழுதினார். பிள்ளைகள் விளையாட்டுச் சாமானைவிட அந்தக் கருவிகளை விரும்பி எடுத்ததும், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ததும் அவரை வியக்க வைத்தன. 1909இல் அந்த அவதானிப்புகளைப் புத்தகமாக்கினார். சில ஆண்டுகளில் அது பல மொழிகளுக்குப் போனது.

1908 டிசம்பரில் மெசீனா நகரை நிலநடுக்கம் அழித்தபோது, பெற்றோரை இழந்த பிள்ளைகள் ரோமுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். ஒரு கன்னியர் மடத்தில் அவர்களுக்காகவும் மொண்டிசோரி முறையில் ஓர் இல்லம் நடந்தது. பேச்சிழந்து, சாப்பாட்டில் மனமில்லாமல் இருந்த பிள்ளைகள், கைக்கு வேலை கிடைத்தபின் மெல்ல மெல்லத் தேறினார்கள். இதை மனதில் வைத்தே முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917இல் அவர் வெள்ளைச் சிலுவை என்ற அமைப்பு ஒன்றை முன்மொழிந்தார். செஞ்சிலுவை காயப்பட்ட உடலைப் பார்ப்பதுபோல, போரில் காயப்பட்ட பிள்ளை மனங்களைப் பார்க்கத் தாதியரையும் ஆசிரியரையும் பயிற்ற வேண்டும் என்றார். அது கைகூடவில்லை. நம் பக்கத்தில் முகாம் பிள்ளைகளைப் பற்றி 2009க்குப் பிறகு நாம் பேசியதை, அவர் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு முன்பே பேசியிருக்கிறார்.

தவறைத் தானே காட்டும் கருவி

அவருடைய கருவிகள் கடையில் பளபளப்பாக இருக்கும். விலையும் அப்படியே. அந்தப் பளபளப்பை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் யோசனையைப் பார்ப்போம்.

பத்துக் கோல்கள். முதல் கோல் 10 சென்ரிமீற்றர், அடுத்தது 20, இப்படியே பத்தாவது கோல் ஒரு மீற்றர். பிள்ளை அவற்றைப் படிபோல அடுக்குகிறது. ஒன்று இடம்மாறினால் படி கோணலாகும். ஆசிரியர் பிழை என்று சொல்லத் தேவையில்லை. பத்துச் சதுரமுகிகளால் ஆன கோபுரமும் அப்படித்தான். சிறியது ஒரு சென்ரிமீற்றர், பெரியது பத்துச் சென்ரிமீற்றர். உயரத்தில் பத்து மடங்கான அந்தப் பெரிய சதுரமுகி, கனவளவில் சிறியதைப் போல ஆயிரம் மடங்கு. கையில் தூக்கும்போதே பிள்ளைக்கு அந்த வித்தியாசம் விளங்குகிறது. சூத்திரம் சில ஆண்டுகள் கழித்து வந்து சேரும்.

கருவி தானே பிழையைக் காட்ட வேண்டும் என்பதுதான் மொண்டிசோரி கேத்திரகணிதத்தின் உயிர். இன்னொருவர் வந்து சரி, பிழை சொல்லும் வரை பிள்ளை காத்திருக்க வேண்டியதில்லை. தன் கண்ணையும் கையையும் நம்பப் பழகுகிறது. சட்டத்துக்குள் இருக்கும் முக்கோணியின் விளிம்பை இரண்டு விரலால் தடவிய பிள்ளை, பிறகு பென்சிலால் வரைகிறது, அதற்குப் பிறகே பெயர் படிக்கிறது. நம்முடைய வகுப்பில் இது தலைகீழாக நடக்கிறது. பெயர் முதலில், கொப்பியில் படம் அடுத்தது, தொட்டுப் பார்ப்பது எப்போதுமே இல்லை.

மூத்த பிள்ளைகளுக்கு இந்த வழியை எப்படி நீட்டுவது என்று அவர் 1916இல் வெளிவந்த நூலிலேயே எழுதத் தொடங்கினார். 1934இல் பார்சிலோனாவில் கேத்திரகணிதத்துக்கென்றே தனி நூல் ஒன்றை வெளியிட்டார். ஒரே வடிவத்தை வெவ்வேறு விதமாக வெட்டிச் சேர்த்து, பரப்பளவு மாறவில்லை என்று பிள்ளையே கண்டுபிடிப்பது அந்த வழியின் மையம்.

போர் துரத்திய ஆண்டுகள்

அவருடைய வாழ்க்கையில் கறை இல்லை என்று சொல்ல மாட்டேன். 1920களில் முசோலினியின் அரசு அவருடைய பாடசாலைகளுக்கு ஆதரவு தந்தது. அவர் அதை ஏற்றார். தன் முறை நாடெங்கும் பரவினால் போதும் என்று நினைத்திருக்கலாம். பிள்ளைகளைச் சிப்பாய்களாக அணிவகுக்க வைக்க விரும்பிய அரசும், பிள்ளை தானே யோசிக்க வேண்டும் என்று சொன்ன ஆசிரியரும் எத்தனை நாள் ஒன்றாகப் போக முடியும்? 1934இல் உறவு முறிந்தது. இத்தாலியில் அவருடைய பாடசாலைகள் மூடப்பட்டன. ஹிட்லரின் ஜெர்மனியிலும் அதேதான் நடந்தது.

அவர் பார்சிலோனாவில் இருந்தார். 1936இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் வெடித்தது. 66 வயதை எட்டிக்கொண்டிருந்த அவர் பிரித்தானியப் போர்க்கப்பல் ஒன்றில் ஏறித் தப்பினார். இங்கிலாந்து போய், அங்கிருந்து நெதர்லாந்து. வீடு, பாடசாலை, கருவிகள் எல்லாம் பின்னால். இதை வாசிக்கும் நம்மில் பலருக்கு அந்தப் பயணத்தை விளக்கத் தேவையில்லை.

1939இன் பிற்பகுதியில் அடையாறு பிரம்மஞான சபையின் தலைவர் ஜோர்ஜ் அருண்டேலின் அழைப்பில் மகன் மரியோவுடன் சென்னைக்கு வந்தார். நடனக் கலைஞர் ருக்மிணி தேவியின் கணவர் இந்த அருண்டேல். சில மாதப் பயிற்சி நெறியை நடத்திவிட்டுத் திரும்புவதுதான் திட்டம். ஓலைக் கொட்டகைகளில் ஏறத்தாழ முந்நூறு பேர் உட்கார்ந்து படித்தார்கள். அவர் இத்தாலிய மொழியில் பேச, மரியோ ஆங்கிலத்தில் சொன்னார்.

1940 ஜூனில் இத்தாலி பிரித்தானியாவுக்கு எதிராகப் போரில் இறங்கியது. பிரித்தானிய இந்தியாவில் இருந்த இத்தாலியர்கள் ஒரே நாளில் எதிரிகளானார்கள். மரியோ அகமதுநகர் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார். மரியா அடையாறு வளவுக்குள் முடக்கப்பட்டார். நெதர்லாந்தில் விட்டுவந்த பேரப்பிள்ளைகள் ஜெர்மன் படையின் பிடிக்குள். பிள்ளை ஒரு முகாமில், பேரப்பிள்ளைகள் வேறொரு நாட்டில், தான் இன்னொரு நாட்டில் என்ற நிலை அவருக்கும் வந்தது.

அந்த ஆகஸ்ட் 31ஆம் திகதி அவருக்கு 70 வயது. பிறந்தநாள் பரிசாக அவருடைய மகனை விடுவிப்பதாக அரசாங்கத்திடமிருந்து தந்தி வந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அவரால் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் இருந்த உறவை, அவரைத் தடுத்து வைத்த அரசே பகிரங்கமாக எழுதிவிட்டது.

கொடைக்கானல் மலையில்

1942இலிருந்து சுமார் இரண்டு ஆண்டுகள் தாயும் மகனும் கொடைக்கானலில் இருந்தார்கள். வெளியே போக அனுமதி குறைவு. ஐரோப்பாவிலிருந்து செய்தி வருவதும் அரிது. அங்கே பல வயதுப் பிள்ளைகள் சேர்ந்து படிக்கும் சிறிய பாடசாலை ஒன்று உருவானது. அதில் அவர்களோடு வேலை செய்த ஆசிரியைகளில் ஒருவர் இலங்கையரான லீனா விக்கிரமரத்ன. அடையாற்றில் பயிற்சி பெற்றவர். மூத்த ஆரம்பப் பிள்ளைகளுக்கான மொண்டிசோரிக் கல்வி என்று இன்று உலகம் அறிந்திருப்பதில் பெரும்பகுதி இந்தத் தமிழ்நாட்டு மலையில், ஒரு கைதியின் நாட்களில் உருப்பெற்றது.

ஆறு வயதுக்குப் பிறகு பிள்ளையின் கேள்வி மாறுகிறது என்பதை அவர் கவனித்தார். இது என்ன என்று கேட்ட பிள்ளை, இது ஏன், இது எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தொடங்குகிறது. அதனால் கேத்திரகணிதத்தையும் ஒரு மனிதக் கதையாகச் சொல்ல வேண்டும். மொண்டிசோரி வகுப்புகளில் அந்தக் கதை நைல் நதியில் தொடங்கும். ஆண்டுதோறும் வெள்ளம் வந்து வயல் வரம்புகளை அழிக்கும். வெள்ளம் வடிந்தபின் எவருடைய நிலம் எது என்று கயிறு பிடித்து அளக்க வேண்டும். கேத்திரம் என்ற சொல்லுக்கே நிலம் என்றுதான் பொருள். நிலத்தை இழந்தவன் அதைத் திரும்பப் பெற அளந்ததுதான் இந்தப் பாடம்.

மீள்குடியேற்றத்தின்போது எல்லைக்கல் தேடிய எந்தக் குடும்பத்துக்கும் இந்தக் கதை புரியும். என் பெற்றோர் 1983க்குப் பிறகு ஊவாவிலிருந்து வன்னிக்குப் போனவர்கள். என் ஆரம்ப வகுப்புகள் மரத்தடியிலும் கொட்டகையிலும் கழிந்தன. ஒரு தறப்பாளின் கீழ் எத்தனை பேர் படுக்கலாம் என்று சாணால் அளந்து பார்த்தது எனக்கு நினைவிருக்கிறது. அது பரப்பளவு என்று அப்போது யாரும் சொல்லவில்லை.

1944இல் மொண்டிசோரி இலங்கைக்கும் வந்து பயிற்சி நெறி நடத்தினார். 1946இல் ஐரோப்பா திரும்பி, பேரப்பிள்ளைகளைக் கண்டார். மீண்டும் 1947இல் இந்தியா வந்து 1949 வரை வேலை செய்தார். அந்த ஆண்டுகளில் அவரிடம் பயின்ற ஆசிரியர்கள் ஆயிரத்துக்கும் மேல்.

தெமோதரையில் நான் தயாரிப்பவை

தரம் 4, 5க்கு நான் செய்து வைத்திருக்கும் கருவிகளைச் சொல்கிறேன். எந்த ஆசிரியரும், வீட்டில் எந்தப் பெற்றோரும் செய்யலாம்.

முதலாவது, 12 சென்ரிமீற்றர் நீளமும் 10 சென்ரிமீற்றர் அகலமுமான காட்போட் அட்டைகள். ஒரு சென்ரிமீற்றரை ஓர் அடி என்று கொண்டால் அது பழைய லயக் காம்பராவின் அளவு. ஓர் அட்டையில் ஒரு சென்ரிமீற்றர் கட்டங்களைக் கீறினால் 120 கட்டங்கள் வரும். இன்னொன்றை மூலைக்கு மூலை வெட்டி, இரண்டு முக்கோணிகளையும் 12 சென்ரிமீற்றர்ப் பக்கம் ஒட்டும்படி நகர்த்தி வைத்தால் இணைகரம் கிடைக்கும். பரப்பளவு அதே 120. விளிம்பைச் சுற்றி நூல் பிடித்து அளந்தால் முன்பு 44 சென்ரிமீற்றராக இருந்தது இப்போது ஏறக்குறைய 51. இடம் கூடவில்லை, சுற்றுவேலி மட்டும் நீண்டுவிட்டது. பரப்பளவையும் சுற்றளவையும் குழப்பும் பிள்ளை இதற்குப் பிறகு குழப்புவது குறைவு.

அடுத்த கேள்வியைப் பிள்ளைகளே கேட்டார்கள். வீடு கட்டத் தருவதாகச் சொல்லும் ஏழு பேர்ச் எவ்வளவு? ஒரு பேர்ச் 272¼ சதுர அடி. இரண்டு காம்பராவைச் சேர்த்தாலும் 240 சதுர அடிதான், ஒரு பேர்ச் நிறையாது. ஏழு பேர்ச் 1,905¾ சதுர அடி. ஏறக்குறைய பதினாறு காம்பராக்கள். தரையில் அட்டைகளைப் பரப்பி எண்ணியபோது வகுப்பு கலகலத்தது.

இரண்டாவது, கயிறு. ஆறு மீற்றர் கயிற்றில் 50 சென்ரிமீற்றருக்கு ஓர் அடையாளம், மொத்தம் 12 சம இடைவெளி. நுனிகளைக் கட்ட இரு பக்கமும் கொஞ்சம் மிச்சம் விட வேண்டும். இடையில் முடிச்சுப் போட்டால் கயிறு சுருங்கி அளவு கெடும், வர்ண நூலைச் சுற்றிக் கட்டுவது நல்லது. நுனிகளைச் சேர்த்து, மூன்று பிள்ளைகள் 3, 4, 5 இடைவெளிகள் வரும்படி பிடித்து இழுத்தால் செங்கோணம் நிற்கும். மரக்கறிப் பாத்தியின் மூலை சரியா, வகுப்பறைச் சுவரின் மூலை சரியா என்று அவர்களே போய்ப் பார்க்கலாம். சுவர் பிழையாக இருந்தால் பிள்ளைகளுக்கு வரும் சந்தோஷத்துக்கு அளவில்லை.

மூன்றாவது, ஈர்க்கும் குண்டூசியும். மூன்று ஈர்க்கைக் கோர்த்தால் அசையாத முக்கோணி. நான்கைக் கோர்த்தால் அமுக்கியதும் சரியும். மூலைக்கு மூலை ஐந்தாவது ஈர்க்கை வைத்தால் அதுவும் நிமிர்ந்து நிற்கும். பிறகு கூரையின் மரச்சட்டங்களை அண்ணாந்து பார்க்கச் சொன்னால் போதும்.

நான்காவது, எங்கள் ஊரின் ரயில் பாதை. 1924இல் பதுளை வரை திறக்கப்பட்ட இந்தப் பாதை, தெமோதரை நிலையத்தைத் தாண்டி மலையைச் சுற்றி இறங்கி, அதே நிலையத்துக்குக் கீழே உள்ள சுரங்கத்துக்குள் நுழைகிறது. கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றிக் கட்டியதைப் பார்த்துத்தான் பொறியியலாளருக்கு இந்த யோசனை வந்தது என்று ஊரில் கதை உண்டு. மலையகப் பாதையின் செங்குத்தான இடங்களில் ஏற்றம் 44க்கு 1. வகுப்பில் 440 சென்ரிமீற்றர் நூலைத் தரையோடு பிடித்து, ஒரு நுனியை 10 சென்ரிமீற்றர் உயர்த்திக் காட்டுகிறேன். இவ்வளவுதானா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அந்தச் சிறிய சரிவுக்காகத்தான் ரயில் மலையையே சுற்றுகிறது. எல்லப் பக்கத்தில் உள்ள ஒன்பது வளைவுப் பாலம் சுமார் 91 மீற்றர் நீளம், 24 மீற்றர் உயரம். மைதானத்தில் 91 மீற்றர் நடந்து பார்த்த பிள்ளைக்கு அந்த எண் பிறகு மறக்காது.

ஐந்தாவதுதான் எனக்கு முக்கியமானது. பத்துச் சென்ரிமீற்றர்ச் சதுரங்கள் ஐந்தை வெட்டி, உள்விளிம்புகள் பொருந்த வெளியே டேப் ஒட்டினால் மேல்மூடி இல்லாத சதுரமுகி. உள்ளே மெல்லிய பொலித்தீன் பை. பக்கங்கள் பிதுங்காமல் சுற்றிலும் இன்னொரு முறை டேப். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினால் ஒரு லீற்றர். அதன் நிறை ஒரு கிலோகிராம். நீளம், கனவளவு, நிறை மூன்றும் ஒரே பெட்டியில் சந்திக்கின்றன. காய்ந்த துவாயை நிறுத்து, நனைத்துப் பிழிந்து மறுபடி நிறுத்தால் துணி எவ்வளவு நீர் பிடித்தது என்பதும் தெரியும்.

கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் கிலோ கழிப்பது தோட்டங்களில் பழைய வழக்கம். இரண்டு கிலோ தண்ணீர் என்றால் இந்தப் பெட்டியில் இரண்டு பெட்டி. ஒரு கூடைக் கொழுந்தில் அவ்வளவு நீர் இருக்குமா? இதற்கு நான் விடை சொல்வதில்லை. பிள்ளைகள் இலையை நனைத்து, உலுப்பி, நிறுத்துப் பார்த்துக் கொப்பியில் எழுதுகிறார்கள். கணிதப் பாடம் அங்கே முடிகிறது. மாலையில் தாயோடு அந்தப் பிள்ளை என்ன பேசும் என்பது அந்த வீட்டின் விடயம்.

தராசை எப்போதும் இன்னொருவர் வாசித்து, அளவுநாடாவை எப்போதும் இன்னொருவர் பிடித்து வந்த சமூகம் நாம். தோட்டத்தில் நிறையும், முகாமில் அரிசியும், மீள்குடியேற்றத்தில் காணியும் பிறர் அளந்து தந்தவை. பிழையைத் தானே காணும் பிள்ளை என்று மொண்டிசோரி சொன்னது, நம் பக்கத்தில் வகுப்பறையைத் தாண்டிய தேவை.

விலையும் நேரமும்

தன் கருவிகள் அளவு பிசகாமல் செய்யப்பட வேண்டும், தன் முறையில் பயின்றவரே கற்பிக்க வேண்டும் என்று அவர் கண்டிப்பாக இருந்தார். கூலிக் குடும்பங்களின் பிள்ளைகளிடம் தொடங்கிய கல்வி பல நாடுகளில் பணக்காரர் கல்வியாகப் போனதற்கு அந்தக் கண்டிப்பும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். ஆனாலும் அளவு விடயத்தில் அவர் சொன்னது சரி. ஒரு மில்லிமீற்றர் பிசகினால் அட்டை பொருந்தாது. பொருந்தாவிட்டால் பிள்ளை தன்மேல் பிழை என்று நினைத்துவிடும். அதனால் காட்போட் மலிவாக இருக்கலாம், வெட்டு மலிவாக இருக்கக் கூடாது. பழைய அட்டையைக் கூரிய கத்தியால், இரும்பு அடிமட்டம் வைத்து வெட்டுங்கள். வெட்டியபின் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள். ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு தொகுதி போதும். ஒரே நாளில் எல்லாவற்றையும் வைக்காமல், வாரத்துக்கு ஒன்றாக வையுங்கள்.

மரியா மொண்டிசோரி 1952 மே 6ஆம் திகதி நெதர்லாந்தின் கடற்கரை ஊரான நோர்ட்வைக்கில் காலமானார். வயது 81. சமாதானத்துக்கான நோபல் பரிசுக்கு மூன்று முறை பெயர் முன்மொழியப்பட்டும் கிடைக்கவில்லை. பிறந்த இத்தாலிக்கு அவர் உடல் கொண்டுபோகப்படவில்லை. இறந்த ஊரிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய வேலையை மகன் மரியோ தொடர்ந்தார்.

எங்கள் வகுப்பில் அடுத்த தவணைக்கு இன்னும் இரண்டு கயிறு வேண்டும். இருக்கிற ஒன்றைப் பிள்ளைகள் இரவல் கேட்கிறார்கள். வீட்டுக் காணிக்குக் கட்டை அடித்திருக்கிறார்களாம், மூலை சரியா என்று பார்க்க வேண்டுமாம்.